வடக்கு வயலில் பதினோரு சூரியகாந்தி

ஜூலை மாதக் கடைசியில் என் வடக்கு வயலில் பதினோரு சூரியகாந்திகள் பூத்து நின்றன. நான் விதைத்ததோ சர்க்கரை பீட்ரூட். இந்த வயலை இருபத்திரண்டு வருடமாக உழுகிறேன். கோதுமை, சோயா, பீட்ரூட் என்று மாற்றி மாற்றிப் போடுவேனே தவிர சூரியகாந்தியைக் கையால் தொட்டதில்லை. எங்கள் பக்கத்துக் கறுப்புக் களிமண்ணில் யாரும் அதைப் போடுவதும் இல்லை. ஆறு மைல் சுற்றுவட்டாரத்தில் ஒரு சூரியகாந்தி வயல் காட்டுங்கள், என் லாரியை உங்களுக்கே கொடுத்துவிடுகிறேன்.

பீட்ரூட் முழங்கால் உயரத்துக்குமேல் வளராது. அதனால் பதினோரு மஞ்சள் மண்டைகளும் நெடுஞ்சாலையிலிருந்தே தெரிந்தன. மறுநாள் காலை லவோன் நடத்தும் காப்பிக் கடைக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்ன ராக்னா, பூந்தோட்டமெல்லாம் போட்டிருக்கியாமே? வீட்டுல ஏதாவது விசேஷமா?" என்றாள் லவோன், கேரமல் ரோல் என்கிற இனிப்பு பன்னைத் தட்டில் வைத்தபடி.

"ஆமா, உனக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளைதான் கிடைக்க மாட்டேங்கறான்."

"மாப்பிள்ளைக்கு என்ன பஞ்சம்? அந்த மூலையில ஒருத்தன் உக்காந்திருக்கான் பாரு. என்ன ஒண்ணு, கட்டிக்கிட்டா மண்ணையும் சேத்துக் கட்டிக்கணும்."

கடையே சிரித்தது. மூலையில் இருந்த டெல்மர் காப்பியைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. அவனுக்கு அறுபது வயது இருக்கும். கிழக்கே மேட்டுப் பக்கத்தில் தனியாக விவசாயம் பார்க்கிறவன். போன அக்டோபரிலிருந்து அவனுக்கு 'மண் டெல்மர்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கதை இதுதான். அறுவடை நாட்களில் கிழங்கு லாரிகள் எல்லாம் குவியல் களத்துக்குப் போகும். அங்கே பைலர் என்று ஒரு ராட்சச இயந்திரம் இருக்கிறது. லாரி கொட்டும் கிழங்கை உருளைகளில் உருட்டி, குலுக்கி, ஒட்டியிருக்கும் மண்ணை உதிர்த்துவிட்டு, கிழங்கை மட்டும் மலை மாதிரிக் குவிக்கும். உதிர்ந்த மண் தனியாக ஒரு தொட்டியில் விழும். லாரி சுற்றிக்கொண்டு வந்து, தொட்டி மண்ணைத் திருப்பிக் கொண்டுவரும் பெல்ட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். அவரவர் மண்ணை அவரவர் லாரியிலேயே திருப்பிக் கொட்டுவார்கள். அதைக் கொண்டுபோய் வயலில் போட்டுவிட்டு அடுத்த லோடு ஏற்ற வேண்டும். கிழங்கு களத்துக்கு, மண் வயலுக்கு. யாரும் இதை யோசிப்பதுகூட இல்லை, கை கழுவுகிற மாதிரி ஒரு பழக்கம்.

டெல்மர் போன அக்டோபரில் இரண்டு முறை களத்துக்கு வந்து, "என் மண்ணு எங்க போச்சு?" என்று கேட்டான். ஒரு லோடு மண்! நூற்று அறுபது ஏக்கர் வைத்திருக்கிறவன்! அன்று கடையில் நான் சொன்னேன்: "காணாமப் போன பிள்ளைங்க படத்தைப் பால் டப்பாவுல அச்சடிப்பாங்கல்ல, உன் மண்ணோட போட்டோ இருந்தாக் குடு டெல்மர், அதையும் போட்டுருவோம்." அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சர்க்கரை ஆலையில்கூட அந்தப் பேச்சுதான். பனிக்காலத்தில் நான் ஆலையில் கிழங்கு சீவும் பிரிவில் வேலை பார்க்கிறேன். கத்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கிழங்கு மிதந்து மிதந்து வந்து சேமியா மாதிரி சீவி விழுவதைப் பார்த்தபடியே அந்த ஜோக்கை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

சரி, சூரியகாந்திக்கு வருவோம். கேலி என்னை ஒன்றும் செய்யாது. விடை தெரியாத கேள்விதான் என்னைத் தூங்கவிடாது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு நேரே வயலுக்குப் போனேன்.

வயலின் வாசலில், லாரி இறங்கும் இடத்தை ஒட்டி, பத்துச் செடிகள் கும்பலாக நின்றன. பதினோராவது மட்டும் எட்டு அடி தள்ளித் தெற்கே தனியாக நின்றது. கும்பலைச் சுற்றி இருந்த பீட்ரூட் இலைகள் பத்து மணி வெயிலுக்கே துவண்டு தரையில் படுத்திருந்தன. மற்ற இடமெல்லாம் கரும்பச்சையாக நிமிர்ந்து நிற்க, இது மட்டும் ஏன் இப்படி? ஒரு கிழங்கைப் பிடுங்கினேன். முள்ளங்கி அளவுகூட இல்லை. உடம்பெல்லாம் தாடி முளைத்த மாதிரி சல்லிவேர். அந்த வேரில் குண்டூசித் தலை அளவில் வெள்ளை வெள்ளையாக மணிகள்.

மண்ணைக் கையில் அள்ளினேன். என் மண்ணை எனக்குத் தெரியும். ஈரமாக இருந்தால் பூட்ஸைக் கழற்றிக்கொள்ளும், காய்ந்தால் செங்கல் ஆகும். இது விரலிடுக்கில் உதிர்ந்தது. உள்ளே மணலும், பட்டாணி அளவுக் கூழாங்கல்லும் இருந்தன. என் வயலில் இருபத்திரண்டு வருடமாக ஒரு கல்லை நான் பார்த்ததில்லை.

ஆலையின் வேளாண் அதிகாரி ட்ரெவருக்குப் போன் போட்டேன். சின்னப் பையன், இருபத்தாறு வயது, என்னைக் கண்டால் கொஞ்சம் பயம். அரை மணியில் வந்துவிட்டான். வேரை வாளித் தண்ணீரில் அலசி, லென்ஸ் வைத்துப் பார்த்தான். அவன் முகம் போன போக்கே சரியில்லை.

"நூற்புழுங்க. இந்த வெள்ளை மணியெல்லாம் அதுதான்."

"நூற்புழுவா? இங்கேயா?"

"அதாங்க எனக்கும் புரியல. வழக்கமா தண்ணி ஓடுற வாக்குல நீளமாப் பரவும். இது என்னடான்னா அளந்து போட்ட மாதிரி கட்டமா இருக்கு. ஒரு லாரி நீளம், ஒரு லாரி அகலம்."

"இப்ப என்ன பண்றது?"

அவன் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டினான். "இது மட்டும்தான்னா, ஆழமாத் தோண்டி எடுத்துட்டா ஒருவேளை தப்பிக்கலாம். அறுவடைக்கு முன்னாடியே செய்யணும். உழவு ஓட்டிட்டீங்கன்னா கலப்பை இழுத்துக்கிட்டுப் போயிடும். வயல் பூரா பரவிட்டா பல வருஷத்துக்கு இங்க பீட்ரூட்டை மறந்துற வேண்டியதுதான்."

வடக்கு வயல்தான் என் பெயரில் இருக்கும் ஒரே நிலம். மற்றதெல்லாம் குத்தகை. யாராவது மனசு மாறினால் அடுத்த வசந்தத்தில் போய்விடும். வடக்கு வயல் மட்டும் போகாது என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த நினைப்பு ஆட்டம் கண்டது.

ட்ரெவர் போன பிறகு லாரிப் படியில் உட்கார்ந்து யோசித்தேன். மணல், கூழாங்கல், சூரியகாந்தி. மூன்றும் சேர்ந்து இருக்கும் இடம் கிழக்கே பத்து மைலில் இருக்கும் மேடு. ஆதியில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஏரியாக இருந்தபோது கரையாகக் கிடந்த நிலம் அது. ஆனால் அந்த மண் பத்து மைல் நடந்தா வரும்?

அப்போதுதான் நினைவு வந்தது. போன அக்டோபரில் அந்த இடம் பள்ளமாக இருந்தது. மழையில் லாரி இறங்கி இறங்கி விழுந்த பள்ளம். கோதுமை அறுத்த வயலில் இலையுதிர்கால உழவை முடித்த பிறகு, குத்தகை வயல் கிழங்கைக் களத்தில் கொட்டிவிட்டுக் கொண்டுவந்த மண்ணைப் போட்டு மூடினேன். வசந்தத்தில் மேலோட்டமாகத்தான் கீறினேன், வடக்கிலிருந்து தெற்காக. பதினோராவது சூரியகாந்தி தெற்கே தனியாக நின்றதன் காரணமும் அதுதான். ஒரு விதையைக் கலப்பையின் பல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

அந்த லோடு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அன்று நான்தான் களத்தில் முதல் லாரி. முந்தின நாள் அக்டோபருக்குச் சம்பந்தமே இல்லாத வெயில். கிழங்கு சூடேறினால் குவியலில் வெந்து அழுகிவிடும். அதனால் மத்தியானம் இரண்டு மணிக்குச் சங்கு ஊதி எல்லாப் பைலரையும் நிறுத்திவிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் லாரியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். நான் இரண்டாம் பைலருக்கு முன்னால் முதல் இடத்தைப் பிடித்தேன். மறுநாள் காலை குளிர்ந்து களம் திறந்ததும் முதல் கொட்டல் என்னுடையது. திரும்பி வந்த மண்ணோ வழக்கத்தைவிட இரண்டு பங்கு. 'பரவாயில்லையே, இன்று பைலருக்குத் தாராள மனசு, பள்ளம் ஒரே லோடில் மூடிவிடும்' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன்.

அப்படியானால் தொட்டியில் முந்தின நாளே யாருடைய மண்ணோ தங்கியிருக்கிறது!

காப்பிக் கடைக்குத் திரும்ப ஓடினேன். லவோன் அறுவடை நாட்களில் களத்து எடைமேடையில்தான் இருப்பாள். எந்த லாரி எப்போது வந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தலைக்குள் இருக்கும்.

"லவோன், போன அக்டோபர்ல வெயிலுக்கு நிறுத்துனாங்களே, அன்னிக்கு ரெண்டாம் பைலர்ல கடைசியாக் கொட்டின வண்டி எது?"

"இது ஒரு கேள்வியா? உன் மண் டெல்மர்தான். அன்னிக்குச் சாயந்தரமே மண்ணத் தேடிக்கிட்டு வந்துட்டானே. மறுநாளும் வந்தான், சிரிச்சு அனுப்பினோம். ஏன், கண்டுபிடிச்சுக் குடுக்கப் போறியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. தன் மண்ணைத் தொட்டியில் அம்போவென்று விட்டுவிட்டுப் போனவன் அவன், அனுபவிப்பது நானா? இனி அவனுக்கே தெரியாமல் அவன் நிலத்தில் புழு கிடக்கிறது என்பதையும் நானே போய்ச் சொல்ல வேண்டும். சொல்வேன். மூஞ்சிக்கு நேராகச் சொல்வேன்.

மறுநாள் முழுக்க லோடர் வைத்துத் தோண்டினேன். இடுப்பளவு ஆழம். தனியாக நின்ற அந்தப் பதினோராவது செடியின் இடத்தையும் விடவில்லை. சூரியகாந்தி, சோகை பிடித்த பீட்ரூட், மண் எல்லாவற்றையும் லாரியில் போட்டு, தார்ப்பாய் கட்டி, கிழக்கே விட்டேன். வழி முழுவதும் அவனிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அவன் வீட்டு முற்றத்தில் லாரியை நிறுத்தி ஹாரனை அழுத்தினேன். என் ஹாரன் சாதாரண ஹாரன் இல்லை. பழைய ரயில் இன்ஜினிலிருந்து கழற்றி மாட்டியது. அடித்தால் அடுத்த ஊரில் நாய் குரைக்கும். எதற்கெடுத்தாலும் அதை அழுத்துவது என் கைப்பழக்கம்.

டெல்மர் கொட்டகையிலிருந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"இந்தா, உன் மண்ணு!" என்றேன் ஜன்னல் வழியாக. "பால் டப்பாவுல போடாமலே கிடைச்சிருச்சு. எங்க கொட்டணும், சொல்லு."

அவன் லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "வழியெல்லாம் மூடித்தான் கொண்டாந்தியா?"

"மூடித்தான் கொண்டாந்தேன். ஏன்?"

"சிந்தக் கூடாது. அதுல புழு இருக்கு."

வழி நெடுக நான் ஒத்திகை பார்த்த பேச்சு வீணாய்ப் போனது. லாரியிலிருந்து இறங்கினேன்.

"உனக்குத் தெரியுமா?"

"போன அக்டோபர் ஒண்ணாந்தேதி சோதனைக் கடுதாசி வந்துச்சு. அதுக்கு நாலு நாள் கழிச்சுத்தான் அந்த வெயில்."

"தெரிஞ்சுமா அங்க விட்டுட்டு வந்தே? நீயெல்லாம் மனுசனா? அது என் வடக்கு வயலுக்கு வந்துருச்சுய்யா! எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்!"

அவன் முகம் வெளுத்தது. கையில் இருந்த துணியை லாரிப் படியில் வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"விட்டுட்டு வரல, ராக்னா. பெல்ட்டுக்குக் கீழதான் நின்னுக்கிட்டிருந்தேன். சங்கு ஊதுனதும் பெல்ட்டும் நின்னுபோச்சு. இன்னும் ஒரே ஒரு நிமிசம் ஓட்டுங்கன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். பின்னாடி ஒருத்தர் விடாம ஹாரன் அடிச்சாங்க. தலைய வெளிய நீட்டி, 'என் மண்ணு இன்னும் வரல'ன்னு கத்துனேன். 'ஒரு கைப்பிடி மண்ணு இல்லாட்டி செத்துற மாட்டே, வண்டிய எடு'ன்னு பதில் வந்துச்சு. எடுத்துட்டேன்."

"யாரு அது?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் லாரியின் கூரையில் இருந்த ஹாரனைப் பார்த்தான்.

புழுதியும் வெயிலும் கண்ணைக் கூச, முன்னால் அசையாமல் நின்ற ஏதோ ஒரு வெள்ளை லாரி என் நினைவுக்கு வந்தது. யாருடையது என்று அன்று நான் பார்க்கவே இல்லை. முதல் இடம் வேண்டும், அவ்வளவுதான். ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். அந்த வார்த்தைகளும் என்னுடையவைதான். வேறு யாரும் எங்கள் ஊரில் அப்படிப் பேசுவதில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே, டெல்மர்."

"சொல்லத்தான் கடைக்கு வந்தேன். நீ பால் டப்பா கதையச் சொன்னே, எல்லாரும் சிரிச்சாங்க. என் நிலத்துக்குச் சீக்கு வந்துருச்சுன்னு அந்தச் சிரிப்புக்கு நடுவுல எப்படிச் சொல்றது? யாருக்குப் போச்சுன்னு கேட்டா, ஏன்னு கேப்பாங்க. வெக்கமா இருந்துச்சு. சொல்லியிருக்கணும். தப்புதான்."

"எனக்கு மட்டும் என்ன, தப்பு இல்லியா?"

"இருக்கு," என்றான் அவன். மறுக்கவில்லை. அது எனக்கு ஏனோ பிடித்திருந்தது.

அவன் காட்டிய இடத்தில் மண்ணைக் கொட்டினேன். லாரித் தொட்டியை அவனே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான், சக்கரத்து இடுக்குகளைக் கூட விடாமல். கிளம்பும்போது ஹாரன் பக்கம் கை போனது. கையை இழுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை கடையில் எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். மண்ணைத் தேடி வந்தவனைப் பைத்தியக்காரன் ஆக்கியது நான், மண்ணை எடுக்க விடாமல் துரத்தியதும் நான், அது என் வயலிலேயே வந்து விழுந்துவிட்டது என்று ஒன்று விடாமல். டெல்மர் நிலத்துப் புழுவைப் பற்றிய பேச்சை மட்டும் விட்டுவிட்டேன். அவனே மூலையிலிருந்து, "என் நிலத்துல நூற்புழு இருக்கு. ஒரு வருசமா இருக்கு," என்று சொல்லிவிட்டான். கடையில் யாரும் சிரிக்கவில்லை. லவோன் அவன் தட்டில் ஒரு கேரமல் ரோலை வைத்தாள். என் தட்டில் வைக்கவில்லை.

"எனக்கு?"

"ஹாரன் அடிச்சாத் தருவேன்," என்றாள். அதோடு என் பெயர் ஹாரன் ராக்னா ஆயிற்று. ஆகட்டும்.

ஆகஸ்டில் ட்ரெவர் குழியைச் சுற்றிப் பன்னிரண்டு இடங்களில் மண் எடுத்தான். பன்னிரண்டு பைகள். செப்டம்பர் பாதியில் ஆலையில் நீராவி எழும்பி, ஊரெல்லாம் வெந்த கிழங்கு வாசனை அடிக்க ஆரம்பித்த வாரத்தில் போன் செய்தான்.

"சுத்தமா இருக்குங்க. பன்னிரண்டும். அடுத்த ரெண்டு வருசமும் சோதிக்கணும், ஆனா இப்போதைக்கு வயல் தப்பிச்சிருச்சு."

போனை வைத்துவிட்டு அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் நன்றாகவே அழுதேன்.

மிச்சம் இருந்தது அந்தக் குழி. வயல் வாசலில் இடுப்பளவுக்கு ஒரு லாரி நீளக் குழி. எந்த மண்ணைப் போட்டு மூடுவது? ரோட்டோர மண் வேண்டாம், பக்கத்து வயல் மண் வேண்டாம். இனி யார் மண்ணையும் நம்புவதாக இல்லை. வடக்கு வயலின் கிழங்கோடு களத்துக்குப் போய்த் திரும்பும் என் சொந்த மண்ணைத்தான் போட வேண்டும். லோடு லோடாக, அக்டோபரில்.

இலைகளை வெட்டிவிட்டு, கிழங்கைத் தோண்டி எடுத்து, லாரியில் நிரப்பிக்கொண்டு முதல் நாள் களத்துக்குப் போனேன். இரண்டாம் பைலர். கொட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு பெல்ட்டுக்குக் கீழே வந்தால், பெல்ட் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பது டெல்மர். மேட்டு நிலத்தில் இந்த வருடம் பார்லி போட்டுவிட்டு, களத்தில் வேலை கேட்டு வாங்கியிருக்கிறான். எந்த இடம் வேண்டும் என்று கேட்டதற்கு, மண் விழும் இடம் என்றானாம்.

மண் விழ ஆரம்பித்தது. கறுப்பாக, கட்டி கட்டியாக, ஒரு கல்கூட இல்லாமல். நான் ஜன்னலில் முழங்கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய மண்ணெல்லாம் விழுந்து, பெல்ட்டில் தூள் மட்டும் வந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒரு ஹாரன் அடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசை முழுவதும்.

டெல்மர் நெம்புகோலிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஹாரன் அடிக்கறாங்க, ராக்னா," என்றான்.

"அடிக்கட்டும்," என்றேன். "என் மண்ணு இன்னும் வரல."